தன்வசமிழந்த எறும்பு

எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது பழமொழி. முயற்சிக்கு உவமை கூற வேண்டுமிடத்து ஆசிரியராகிய நாம் எறும்பையே மாணவர்க்குக் காட்டி வருகின்றோம். அது செல்லும் வழியைத் தானே தெரிந்து செல்கின்றது என்பதும் நம் துணிபு. ஆயின், ஓர் எறும்பின் நடையும் கடியும் சிற்சில வேளைகளில் அதன் உடலினுட் புகுந்த வேறோர் உயிரின் நலத்துக்கே பயன்படுகின்றன. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

பூஞ்சணம் எனவும் பங்கசு எனவும் வழங்கப்படும் உயிரினங்களுட் சில, உயிருள்ள பூச்சியின் உடலிலேயே வளர்வன. அவற்றுள் ஒபியோகோடிசெப்ஸ் என்னும் சாதியைச் சேர்ந்த சில இனங்கள் எறும்புக்குக் கொடும்பகையாக உள்ளன. இயற்கை நூலறிஞர் அல்பிரட் ரசல் உவாலசு 1859ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியத் தீவுகளில் இத்தகைய பங்கசைக் கண்டெடுத்தார். எனினும், அது செய்யும் செயலின் நுட்பம் அண்மைக்காலத்திலேயே தெளிவாயிற்று.

தென் தாய்லாந்துக் காட்டில் நிகழ்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று இதனை நன்கு விளக்குகின்றது. அங்கு ஒருவகைப் பெரிய எறும்பு உயர்ந்த மரங்களின் உச்சியில் கூடமைத்து வாழ்கின்றது. இடையிடையே அது நிலத்துக்கும் இறங்கி நடமாடும். அப்போது நிலத்திற் சிந்திக் கிடக்கும் பங்கசின் வித்தி அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும். வித்தி முளைத்து, மேற்றோலைத் துளைத்து, உள்ளே பெருகும். சில நாட்களில் எறும்பு வழக்கமான வழியை விட்டு நிலைதடுமாறி அலையும்; அடிக்கடி வலிப்புற்று வீழும். இறுதியில், நிலத்திலிருந்து ஏறக்குறைய 25 சதமமீற்றர் உயரத்தில் உள்ள ஓர் இலையின் அடிப்புறத்தை அடைந்து, அதன் நரம்பைக் கவ்விக்கொள்ளும். இக்கடி பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே நிகழ்கின்றது. தாடைத் தசைகள் சிதைந்துவிடுவதால் கவ்விய பிடி பின்னர் நெகிழ்வதில்லை. எறும்பு அவ்விடத்தே இறந்துபடும். பின்னர் அதன் கழுத்தின் பின்புறத்திலிருந்து பங்கசின் தண்டு நீண்டு வளர்ந்து, புதிய வித்திகளைக் கீழே சிந்தும்.

அவ்விடத்தின் காற்றில் ஈரப்பதன் நூற்றுக்கு 95 அளவில் இருந்தது. இறந்த எறும்புகளை மரவுச்சிக்கோ தரைக்கோ மாற்றி வைத்தபோது பங்கசு முறையாக வளரவில்லை. ஆகவே எறும்பு இறந்த இடம் எறும்புக்கு ஏற்றதன்று. பங்கசுக்கே ஏற்றது என்பது பெறப்படும்.

பங்கசு மூளையினுட் புகுந்தே எறும்பை ஆள்கின்றது என எவரும் எண்ணுவர். ஆயின் அமெரிக்காவில் இவ்வினத்தைச் சார்ந்த பங்கசொன்றை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள், அதன் கலங்கள் உடலெங்கும் தசைநார்களைச் சூழ்ந்து வலைபோலப் பின்னியிருப்பதையும், மூளையினுள் மாத்திரம் அவை புகாதிருப்பதையும் கண்டனர். இத்தொடர்பு மிகப் பழையது. ஜேர்மனியின் மெசல் என்னுமிடத்தில் அகப்பட்ட, 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இலைச்சுவடொன்றில் இத்தகைய கடியின் வடு காணப்படுகின்றது.

எறும்பை ஆட்டுவிப்பது பங்கசு மாத்திரமன்று. ஆட்டின் ஈரலிற் பித்தக்கான்களில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழு, முதலில் நத்தையிலும் பின்னர் எறும்பிலும் வளர்வது. நத்தை வெளியிடும் சளியுருண்டையை உண்ணும் எறும்பினுள் புழுக்கள் பல புகும். அவற்றுட் பெரும்பாலன வயிற்றில் உறைபூண்டு தங்க, ஒன்று தலையிலுள்ள நரம்புத்திரட்டைச் சென்றடையும். மாலையிற் குளிர் பரவியதும் எறும்பு புல்நுனியில் ஏறிக் கவ்வி நிற்கும். வெப்பம் ஏறியதும் பிடிவிட்டு இறங்கித் தன் தொழிலைப் பார்க்கும். குளிர்ந்த வேளையில் மேயும் ஆட்டின் வாயில் அது அகப்படுமாயின், வயிற்றிலிருந்த புழுக்கள் பிழைத்து வளரும். தலையிலிருந்த புழுவோ மடியும். இவ்வாழ்வில் எறும்புக்கும் பங்குண்டென்பதை 1952ஆம் ஆண்டளவில் கிறல், மேப்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கண்டறிந்தனர். தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் காடுகளிலோ, நூற்புழுவொன்று கரிய எறும்பின் வயிற்றைப் பழம்போலச் சிவக்கச் செய்கின்றது. பறவைகள் அதனைக் கனியென மயங்கி உண்டு புழுவின் முட்டைகளைப் பரப்பும் என அறிஞர் கருதுவர்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், கூட்டைவிட்டுத் தனியே போய் இறக்கும் எறும்பெல்லாம் ஒட்டுண்ணியின் ஏவலாலேயே போகின்றதெனத் துணிந்துவிடலாமோ? ஆகாது. ஜேர்மனியின் ஆராய்ச்சியாளர் இருவர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. வேறொரு பங்கசினாற் பீடிக்கப்பட்ட சிற்றெறும்புகள், இறப்பதற்குச் சில மணி அல்லது சில நாள் முன்பே கூட்டை விட்டு நீங்கித் தனியே இறந்தன. இதுவும் பங்கசின் சூழ்ச்சியோ என ஐயுற்ற அறிஞர், நோயில்லாத எறும்புகளைக் காபனீரொட்சைட்டு வாயுவினால் நலிவித்து நோக்கினர். அவையும் அவ்வாறே கூட்டை விட்டகன்றன! அவற்றை ஏவுதற்கு உள்ளே ஒட்டுண்ணி எதுவும் இல்லை. நோயுற்றது விலகிச் செல்வதால், நெருங்கி வாழும் உறவினங்கள் தொற்றினின்றும் தப்புகின்றன.

ஆகவே, தன்வசமிழந்து பகைக்குக் கருவியாகிச் செல்லும் எறும்பும் உண்டு. சுற்றத்துக்கு நலமாக விலகிச் செல்லும் எறும்பும் உண்டு. வெளியே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒரே நடைதான். வகுப்பறையிலும் இத்தகைய மயக்கம் நிகழ்வதுண்டு. கடைசி வாங்கில் வாய்திறவாது ஒதுங்கியிருக்கும் பிள்ளையை அடங்காதவன் என நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். செயலைக் கண்ட மாத்திரத்தே காரணத்தைத் துணிதல் அறிவுடைமையாகாது. அவ்வறிஞரைப்போல, இன்னுமொருமுறை சோதித்தபின் தீர்ப்புக் கூறுதலே கற்றார்க்கும் கற்பிப்பார்க்கும் கடனாகும்.