ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்தால்..? ஜெர்மனிக் கடைகள் சொல்லித்தரும் பாடம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி போடப் போனால் பால் இல்லை. நம்மூரில் என்றால், தெருமுனைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பினால் போதும். ஜெர்மனிக்கு வேலைக்காகப் புதிதாகப் போகும் நம்மவர்கள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, பூட்டிய சூப்பர் மார்க்கெட் வாசலில்தான் போய் நிற்பார்கள். அடுத்த தெருவிலும் பூட்டு. அதற்கடுத்த தெருவிலும் பூட்டு!

சட்டமே தந்த லீவு

இது கடைக்காரரின் விருப்பம் அல்ல. ஞாயிறு ஓய்வு நாள் என்று அந்நாட்டு அரசியலமைப்பே சொல்கிறது. 1919-ல் எழுதப்பட்ட அந்தப் பிரிவு, 1949-ல் வந்த இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே தொடர்கிறது. அவசரத்துக்குக் கைகொடுப்பவை பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க்குகள், சில மணி நேரம் மட்டும் திறக்கும் பேக்கரிகள். அதனால், சனிக்கிழமையே லிஸ்ட் போட்டு வாங்கிவிடுவது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பழக்கம்.

ட்ராலிக்கு ஒரு காசு

கடை வாசலில் ட்ராலிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு யூரோ நாணயத்தைச் செருகினால்தான் கழலும். திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் நாணயம் கைக்கு வந்துவிடும்.

பில் கவுன்ட்டரில்தான் பலருக்கும் முதல் பதற்றம். ஊழியர் பொருள்களை மளமளவென ஸ்கேன் செய்து தள்ளிக்கொண்டே இருப்பார். பையில் போட்டுத்தர ஆள் கிடையாது. பைக்கும் தனிக் காசு. மஞ்சப்பை கொண்டுபோனவர் பிழைத்தார்!

பாட்டிலுக்குள் பணம்

ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினால், விலையோடு 25 சென்ட் கூடுதலாக பில்லில் ஏறியிருக்கும். 'ஃபான்ட்' எனப்படும் டெபாசிட் அது. 2003-லிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டில்களுக்கும் இது உண்டு. காலி பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால் ரசீது வரும். அதைக் கவுன்ட்டரில் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

பார்க்கில் சிலர் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல், பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார்கள். சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டில் பொறுக்கி அந்தக் காசில் சமாளிக்கும் முதியவர்களும் ஏழைகளும் அங்கே உண்டு. அவர்கள் குப்பைக்குள் கைவிடக் கூடாது என்ற அக்கறை அது.

'தண்ணி' கேட்டால் பில் வரும்

ஹோட்டலில் உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வராது. கேட்டால் விலைக்கு பாட்டில் வரும். அதுவும் பெரும்பாலும் கேஸ் நிரப்பிய சோடா! சாதாரணத் தண்ணீர் வேண்டும் என்றால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இத்தனைக்கும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், கேட்காமல் பில் வராது. கவனிக்கவில்லை என்று நம்மவர்கள் கோபப்படுவார்கள். கேட்காமலேயே பில்லை நீட்டினால், 'கிளம்புங்கள்' என்று விரட்டுவதுபோல ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பில் 18.40 யூரோ என்றால், "20" என்று சொல்லிப் பணத்தைக் கொடுப்பார்கள். மிச்சம் டிப்ஸ்.

அந்த நாற்காலி

சில மாதங்கள் பழகியதும் இன்னொன்று கண்ணில் படும். பில் போடும் ஊழியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்தான் நிற்பார்.

நம்மூர் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களின் கால்வலி நமக்குப் புதிதல்ல. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021-ல்தான்.

ட்ராலியை நாமே திருப்பி விடுவது, பையை நாமே நிரப்புவது, ஞாயிறு காபியைப் பாலில்லாமல் குடிப்பது... ஆரம்பத்தில் எரிச்சல் தந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் ஓய்வு இருக்கிறது. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும்போது, எடுத்துக்காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று நாமும் ஒருமுறை பார்க்கலாமே!