மாய அலுவலகத்தின் மெய்யான விலை

2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி நடைபெற்ற ஒரு போராட்டம், தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. இத்தாலியில் ஐபிஎம் நிறுவனத்துடன் தொழிற்சங்கம் ஊதியப் பேச்சு நடத்திக் கொண்டிருந்த வேளையில், ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் கிடைத்து வந்த ஏறத்தாழ 1,000 யூரோ ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்துத் திரண்டவர்கள் அலுவலக வாயிலில் கூடவில்லை. 'செகண்ட் லைஃப்' என்ற இணையவழி மெய்நிகர் உலகில், ஐபிஎம் அமைத்திருந்த வளாகத்தின் முன்பு தங்கள் கணினி உருவங்களோடு கூடினர். சுமார் 30 நாடுகளிலிருந்து 1,850 பேர் பங்கேற்றதாகத் தொழிற்சங்கம் அறிவித்தது. பதாகை ஏந்தி வந்தவர்களும் உண்டு. ராட்சத வாழைப்பழ உருவில் வந்தவர்களும் உண்டு.

வேடிக்கையாகத் தோன்றிய அந்தப் போராட்டத்துக்குப் பின் சில வாரங்களில் ஐபிஎம் இத்தாலியின் தலைவர் பதவி விலகினார். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஊக்கத்தொகையும் மீண்டும் கிடைத்தது. அலுவலகம் எங்கே இருந்தாலும், முதலாளி - தொழிலாளி உறவும் அங்கே குடியேறிவிடும் என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது. மெய்நிகர் அலுவலகம் குறித்த இன்றைய விவாதங்களில் பெரிதும் மறக்கப்படுவது இந்த உண்மைதான்.

மெய்நிகர் உலகம் என்பது கணினியில் உருவாக்கப்பட்ட முப்பரிமாண வெளி. அதில் நுழைபவருக்கு ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்தின் வழியாக அவர் நடக்கலாம், பேசலாம், பொருள்களைச் செய்யலாம், விற்கலாம். அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப், இதைப் பரவலாக அறிமுகம் செய்தது. 2006-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அங்கே ஓர் அலுவலகம் திறந்தது. 2007-இல் மாலத்தீவும் ஸ்வீடனும் தூதரகங்களை அமைத்தன. பெருநிறுவனங்கள் தீவுகளை விலைக்கு வாங்கிக் கட்டடங்கள் எழுப்பின.

இதற்குப் பின்னால் உறுதியான பொருளாதாரக் காரணம் இருந்தது. 2008 அக்டோபரில் ஐபிஎம், தன் தொழில்நுட்ப வல்லுநர்கள் 200-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட மாநாட்டை செகண்ட் லைஃபில் நடத்தியது. செலவு ஏறத்தாழ 80,000 டாலர். பயணம், அரங்கு ஆகியவற்றில் 2,50,000 டாலரும், வேலைநேர இழப்பு தவிர்க்கப்பட்டதால் 1,50,000 டாலரும் மிச்சமானதாக மதிப்பிடப்பட்டது. இந்தக் கணக்கை வெளியிட்டது இடத்தை விற்ற லிண்டன் லேப்தான் என்பதை நினைவில் கொண்டாலும், சேமிப்பு கணிசமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்த அலை நிலைக்கவில்லை. தீவுகள் வெறிச்சோடின. நிறுவனங்களின் ரகசியத்தைக் காக்கும் வகையில், அவற்றின் சொந்தக் கணினி வலையமைப்புக்குள் இயங்கும் தனி வடிவத்தை 55,000 டாலர் தொடக்க விலையில் 2009-இல் லிண்டன் லேப் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே கைவிட்டது.

கொவைட் பெருந்தொற்று இரண்டாவது அலையைக் கொண்டு வந்தது. 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் 'ஹொரைசன் வொர்க்ரூம்ஸ்' என்ற மெய்நிகர் கூட்ட அறையை அறிமுகப்படுத்தியது. அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என மாற்றிக்கொண்டது. அதன் மெய்நிகர் தொழில்நுட்பப் பிரிவின் இழப்பு 2022-இல் சுமார் 1,370 கோடி டாலர். 2023-இல் 1,610 கோடி டாலர். 2024-இல் 1,770 கோடி டாலர். மைக்ரோசாஃப்ட் 2017-இல் வாங்கிய 'ஆல்ட்ஸ்பேஸ்' மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது.

2023 செப்டம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள்கள் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்று மெட்டா தன் ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. காணொலிக் கூட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஜூம் நிறுவனமும் அதே காலத்தில், அலுவலகத்திலிருந்து 80 கி.மீ. சுற்றளவில் வசிப்போர் வாரத்தில் இரண்டு நாள்களாவது நேரில் வரவேண்டும் என்றது. கடைக்காரரே தன் சரக்கை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தயங்கினால், வாடிக்கையாளர் யோசிக்கத்தான் வேண்டும்.

ஏன் இந்தத் தயக்கம்? பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-இல் எழுதிய 'நிறுவனத்தின் இயல்பு' என்ற கட்டுரையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில், விடையை அங்கிருந்தே தேடுகிறேன். எல்லாவற்றையும் சந்தையில் அவ்வப்போது விலைபேசி வாங்கிக்கொள்ளலாம் என்றால் நிறுவனங்கள் ஏன் தேவை என்று கேட்டார் கோஸ். தகுந்த ஆளைத் தேடுவதற்கும், பேரம் பேசுவதற்கும், ஒப்பந்தம் எழுதுவதற்கும் செலவு உண்டு. அதைக் குறைக்கவே நிறுவனம் தோன்றுகிறது என்பது அவரது விடை. அதற்காக 1991-இல் நோபல் பரிசும் பெற்றார்.

நிறுவனத்துக்குள்ளும் மனிதர்களை ஒருங்கிணைக்கச் செலவாகிறது. மெய்நிகர் உலகம் அதில் பயணம், இடவாடகை ஆகிய இரண்டையும் வெகுவாகக் குறைக்கிறது. ஆனால், செலவுகள் எல்லாமே ஒழிந்துவிடுவதில்லை, சில கைமாறுகின்றன. இடமும் மின்சாரமும் ஊழியரின் வீட்டுக் கணக்கில் சேர்கின்றன. களைப்பு அவரது உடலில் சேர்கிறது.

ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. 18 பேர், ஹெட்செட் அணிந்து ஒரு வாரம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்ய முன்வந்தனர். இருவர் தலைவலி, குமட்டல் போன்ற உபாதைகளால் முதல் நாளே விலகிவிட்டனர். எஞ்சியோரும், வழக்கமான மேசையில் வேலை செய்ததைவிடப் பணிச்சுமையும் எரிச்சலும் கண் சோர்வும் அதிகம் என்றே மதிப்பிட்டனர்.

அப்படியானால் இத்தொழில்நுட்பம் வீண் என்பதா? இல்லை. எங்கே அது வென்றிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். வால்மார்ட் 2018-இல் தன் அமெரிக்கக் கடைகளில் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 17,000 ஹெட்செட்டுகளை வழங்கியது. விழாக்காலக் கூட்ட நெரிசலைக் கடை ஊழியர் முன்கூட்டியே பழகிப் பார்க்க முடிந்தது. பிஎம்டபிள்யூ நிறுவனம் ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் கட்டிய கார் ஆலையை, உற்பத்தி தொடங்குவதற்கு ஈராண்டுகள் முன்பே மெய்நிகர் வடிவில் இயக்கிப் பார்த்தது. காகிதத்தில் புலப்படாத பிழைகளைக் கட்டுமானத்துக்கு முன்பே திருத்த இம்முறை உதவுகிறது.

இவற்றின் பொதுத்தன்மை, குறிப்பிட்ட நோக்கமும் குறுகிய நேரமும்தான். நேரில் செய்து பார்ப்பது ஆபத்தானதாகவோ, செலவு மிகுந்ததாகவோ, இயலாததாகவோ உள்ள இடத்தில் மெய்நிகர் உலகம் பயன் தருகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும், கணக்குப் பார்க்கவும் கண்ணை மறைக்கும் கருவி எதற்கு?

இந்தியாவுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. இந்தியாவில் லட்சக்கணக்கானோரைப் பணியில் வைத்திருக்கும் அக்சென்ச்சர், புதிய ஊழியர்களை அறிமுகப்படுத்தும் பணிக்காக 60,000 ஹெட்செட்டுகளை வாங்குவதாக 2021-இல் அறிவித்தது. பன்னாட்டு நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மையங்களில் பணிபுரிவோர், கடல் கடந்த குழுக்களோடு அன்றாடம் இணைந்து வேலை செய்கின்றனர். பயணச் செலவைக் குறைக்கும் எந்தக் கருவியும் அவர்கள் மேசைக்கு விரைவில் வந்து சேரும்.

அப்போது எழும் முதன்மையான கேள்வி கண்காணிப்பு பற்றியது. சாதாரண அலுவலகத்தின் சுவர்கள் ஊழியரைப் பார்ப்பதில்லை. மெய்நிகர் அலுவலகத்திலோ, அறையே ஒரு பதிவுக் கருவி. தலை திரும்பும் கோணம், கை அசைவு, சில கருவிகளில் விழியின் நகர்வு வரை பதிவாகின்றன. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான அசைவுத் தரவைக் கொண்டே 511 பேரில் ஒருவரை 95 சதவீதத் துல்லியத்துடன் அடையாளம் காண முடியும் என்று காட்டினர். பெயரை மறைத்தாலும் உடலசைவு காட்டிக்கொடுத்துவிடும்.

நமது சட்டம் இங்கே காவல் நிற்கிறதா? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது தரவைக் கையாளப் பொதுவாக அவரது ஒப்புதலைக் கோருகிறது. ஆனால், அதன் 7-ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடம் தருகிறது. சம்பளப் பட்டியலுக்கும் வருகைப் பதிவுக்கும் இந்த விலக்கு நியாயமானது. ஊழியரின் விழி எங்கே எத்தனை நொடி நிலைத்தது என்பதற்கும் அதே விலக்கு பொருந்துமா என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

ஹெட்செட் அணிந்த பணிக்கு நேர வரம்பு வேண்டும். உடல் ஒவ்வாதவர் மறுத்தால் அது அவரது பணிமதிப்பீட்டைப் பாதிக்கக் கூடாது. கருவி, இணையம், மின்சாரம் ஆகியவற்றின் செலவை, சேமிப்பை அனுபவிக்கும் நிறுவனமே ஏற்க வேண்டும். அசைவு, விழித் தரவுகளை ஊதிய உயர்வுக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்துவது தடை செய்யப்பட வேண்டும். மெய்நிகர் பணியிடத்திலும் ஊழியர்கள் தம்முள் கலந்து பேசவும் கூடவும் உள்ள உரிமை ஏற்கப்பட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதே மிக அவசரமானது. 2007-இல் இத்தாலியத் தொழிலாளர்களால் கூட முடிந்ததற்குக் காரணம், செகண்ட் லைஃப் யாரும் நுழையக்கூடிய பொதுவெளியாக இருந்தது. இன்றைய மெய்நிகர் அலுவலகங்கள் அப்படியல்ல. நிறுவனம் தரும் கடவுச்சொல் இருந்தால்தான் கதவு திறக்கும். அதை ஒரு நொடியில் திரும்பப் பெறவும் முடியும். ஆலையின் வாயில் மூடப்பட்டாலும் தெரு இருந்தது. தொழிலாளி அங்கே நின்று தன் குறையைச் சொன்னான். மெய்நிகர் அலுவலகத்துக்கு வெளியே தெரு இல்லை. அந்தத் தெருவைச் சட்டம்தான் அமைத்துத் தர வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).