அழுதால் நோய் வளராது!

எனக்கு வயது, 52. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 2019ல், குளிக்கும்போது இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. 'வலியே இல்லையே...' என, மூன்று மாதத்தை ஓட்டி விட்டேன். பின், டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில், புற்றுநோய் என்றனர்.

'யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்...' என நினைத்து, இரவெல்லாம் தூங்க மாட்டேன். பார்க்க வந்த உறவினர்களோ, 'எப்பவும் எதையாவது மனசுல போட்டு புழுங்குவே, அதான் வந்துடுச்சு. இனியாவது தைரியமா இரு. அழுதா நோய் ஜாஸ்தியாயிடும்...' என்றனர். அன்று முதல், அழக் கூட பயம். பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டு அழுவேன், பின், 'ஐயோ... நானே நோயை வளர்த்துட்டேனோ...' என்று பதறுவேன்.

ஆபரேஷனுக்குப் பின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபி. தலைமுடி கொத்தாகக் கொட்டியதும், தாங்க முடியாமல், பெண் டாக்டரிடம் கேட்டே விட்டேன்.

'கவலைப்பட்டதால வரலைம்மா, அழுதாலும் திரும்பி வராது. அழணும்ன்னா அழுங்க. ஆனா, ஊசி தேதியை தவற விடாதீங்க. ஜுரம் வந்தா உடனே வாங்க. கைப் பயிற்சியை விடாதீங்க. உங்க கையில இருக்கறது இவ்வளவு தான். மத்ததை எங்ககிட்ட விடுங்க...' என்றார்.

பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

அக்குளிலும் ஆபரேஷன் செய்திருந்ததால், பயத்தில் இடது கையை அசைக்காமலே வைத்திருந்தேன். மறுநாளே, சுவரில் விரல்களை மேலே நடக்க விட்டு, எட்டிய இடத்தில், துணியில் அளவு போடும் சாக்கால் கோடு போட்டேன். முதல் கோடு, தோள் உயரம் கூட இல்லை. இரண்டு மாதத்தில், அலமாரி மேல்தட்டில் இருந்த நூல் டப்பாவை நானே எடுத்தேன். அன்றும் அழுதேன், பயமில்லாமல்!

ஐந்து ஆண்டு மாத்திரையை, 2025ல் முடித்தேன். இப்போதும், செக்கப்புக்கு முதல் நாள் இரவு தூக்கம் வராது. மகளிடம் சொல்லி அழுவேன். காலையில் பஸ் ஏறி விடுவேன்.

தோழியரே... நோயாளியைப் பார்க்கப் போனால், 'நீ இப்படி இருந்ததால தான் வந்துச்சு' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அழ விடுங்கள். கட்டி தெரிந்தால், வலிக்கட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் போங்கள். நான் வீணாக்கிய அந்த மூன்று மாதம் தான், உண்மையில் என் கையில் இருந்தது!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.