மக்காச்சோள வரிசைகளை எண்ணிய சிறுவன்

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு இரயில் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொள்கிறான். எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிடம் நிற்கும் என்று ஒப்பிக்கத் தொடங்குகிறான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. விருந்தினர் வந்தாலும் அதே பேச்சு. அட்டவணையைப் பிடுங்கி ஒளித்து வைத்தால் வீடே அதிரும்படி அலறுகிறான். தாய் களைத்துப் போகிறாள். "எப்பப் பார்த்தாலும் அண்ணன் பேச்சைத்தான் கேக்கணுமா?" என்று தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. சிலருக்கு இரயில், சிலருக்கு மின்விசிறி, சிலருக்குக் கைப்பேசியில் ஒரே படத்தின் ஒரே காட்சி. பொருள் மாறலாம், பிடிப்பு மாறுவதில்லை. இதை அடக்கிவிட வேண்டுமா, போகிற போக்கில் விட்டுவிட வேண்டுமா என்று பெற்றோர் திகைக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதனை அழகாகச் செய்து காட்டியவர்கள் ஓர் உழவர் தம்பதியர்.

முதல் குழந்தை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவன் டொனால்ட் டிரிப்லெட். இரண்டு வயதிலேயே நூறு வரை எண்ணினான். ஆங்கில எழுத்துகளை முன்னும் பின்னுமாகச் சொன்னான். ஆனால் தந்தை வீடு திரும்பினால் திரும்பிப் பார்க்கமாட்டான். கிண்ணம், மரக்கட்டை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தரையில் சுழலவிட்டு, அது சுழல்வதைக் கண்டு துள்ளிக் குதிப்பான். யாராவது தடுத்தால் அலறுவான்.

மருத்துவர்களின் அறிவுரைப்படி 1937இல் அவனைத் தொலைவிலிருந்த ஒரு விடுதியில் சேர்த்தனர். அங்கே அவன் மேலும் ஒடுங்கிப் போனான். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், விடுதித் தலைவர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், பெற்றோர் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தனர். வழக்கறிஞரான தந்தை மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து, பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். 1943இல் கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை அது. அதில் முதலில் விவரிக்கப்பட்ட குழந்தை டொனால்ட்தான்.

உழவர் வீட்டில் நிகழ்ந்தது

1942இல், அதாவது ஒன்பது வயதளவில், டொனால்ட் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருந்த பண்ணை ஒன்றில் ஓர் உழவர் தம்பதியிடம் விடப்பட்டான். 1945இல் கானர் அங்குச் சென்று பார்த்தபோது அவர்களுடைய அறிவுத்திறனைக் கண்டு வியந்தார்.

டொனால்டுக்கு எதையும் அளந்து பார்க்கும் பித்து இருந்தது. அவ்வுழவர் அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று அளந்து கூறச் செய்தார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்த்துக்கொண்டே இருந்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை எழுதி நட்டான். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். "எண்ணாதே" என்று அவர்கள் சொல்லவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கானர் கண்ட அன்று அவன் ஆறு நீண்ட வரிசைகளை உழுதான்; குதிரையை நேர்த்தியாகத் திருப்பினான்.

எண்ணும் ஆர்வம் அப்படியேதான் இருந்தது. ஆனால் முன்பு அது அவனைப் பிறரிடமிருந்து பிரித்தது. இப்போது குடும்பத்தின் வேலையோடு சேர்த்தது. அவர்கள் செய்தது இவ்வளவே.

பிடிப்பு ஏன் உண்டாகிறது?

நம் கவனத்தை அறை முழுதும் வெளிச்சம் தரும் குழல்விளக்குக்கு ஒப்பிடலாம். பல பொருள்கள் ஒரே நேரத்தில் ஓரளவு தெரிகின்றன. ஆட்டிசம் உள்ள பலருடைய கவனமோ கைமின்விளக்கின் ஒளிபோல் ஓரிடத்தில் குவிகிறது. அவ்விடம் மிகத் தெளிவாகத் தெரியும். சுற்றியுள்ளவை இருளில் கிடக்கும். குவிந்த ஒளியைச் சட்டென்று வேறிடம் திருப்புவது அவர்களுக்குக் கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதரின் முகக்குறிப்பு, குரல், சந்தை இரைச்சல் ஆகியவை அடுத்த கணம் எப்படி மாறும் என்று அக்குழந்தையால் கணிக்க முடிவதில்லை. கால அட்டவணையோ மாறுவதில்லை. மின்விசிறி ஒரே சீராகச் சுழல்கிறது. குழப்பமான உலகில் அது கைக்கு அகப்பட்ட ஊன்றுகோல்.

ஆகவே இதனை எண்ணச் சுழற்சி நோயோடு ஒன்றாகக் கருதக்கூடாது. கையை நூறு முறை கழுவும் நோயாளி அச்சத்தால் கழுவுகிறார். அது அவருக்கு வேதனை. இக்குழந்தைகளுக்கோ தம் ஈடுபாடு மகிழ்ச்சி தருகிறது. இதற்குத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது தவறு என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உண்டாகும் வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, தடை விதிப்பதை விட்டு, நேரமும் இடமும் ஒதுக்குங்கள். "இப்போது போதும்" என்பது அக்குழந்தைக்குப் புரியாத கட்டளை. "சாப்பாடு, வீட்டுப்பாடம், பிறகு இரயில்" என்று படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். தன் இரயில் நிச்சயம் வரும் என்று தெரிந்தால் குழந்தை காத்திருக்கக் கற்கும். சொன்ன நேரத்தை நீங்களும் தவறாமல் காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவதாக, நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே காட்டுங்கள். மணற்கடிகையோ அலாரமோ உதவும். பாதியில் வெட்டாமல், ஒரு பக்கமோ ஒரு சுற்றோ முடியும் இடத்தில் நிறுத்துவது நல்லது.

மூன்றாவதாக, அந்த ஆர்வத்தையே பாலமாக்குங்கள். கால அட்டவணையில் கழித்தல் கணக்கு இருக்கிறது, புவியியல் இருக்கிறது, பயணச்சீட்டு வாங்கும்போது அந்நியரிடம் பேசும் பயிற்சியும் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. நிலப்படங்களில் மூழ்கியிருந்த ஒரு சிறுவனுக்காக, விளையாட்டிடத்தின் தரையில் நாட்டின் படத்தைப் பெரிதாக வரைந்து, அதன்மேல் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டை அமைத்தார்கள். தனித்து நின்ற சிறுவன் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடினான். 2000இல் வெளியான மற்றோர் ஆய்வில், இதே முறை உடன்பிறந்தோரிடையேயும் விளையாட்டை வளர்த்தது.

நான்காவதாக, உடன்பிறந்தோரை மறவாதீர்கள். "அவன்தான் அப்படி, நீ விட்டுக்கொடு" என்று எப்போதும் சொல்வது அநீதி. தங்கையின் பொருள்களுக்குத் தனிப் பெட்டி, அவளுக்கென்று தாயோ தந்தையோ ஒதுக்கும் அரைமணி நேரம், இரயில் பேச்சு இல்லாத ஒருவேளைச் சாப்பாடு ஆகியவை அவளுடைய உரிமை. தாயின் ஓய்வும் அப்படியே. அந்த நேரத்தில் இரயில் கதையைத் தந்தையோ தாத்தாவோ கேட்கலாம்.

எல்லை எது?

மின்சாரம், நெருப்பு, தண்ணீர், சாலை ஆகியவற்றில் ஆபத்து உண்டானால் உறுதியாகத் தடுக்கத்தான் வேண்டும். அப்போதும் அதே இன்பத்தைத் தரும் மாற்றுப்பொருள் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஓடும் மின்விசிறியைத் தொடத் துடிப்பவனுக்கு ஒரு காகிதக் காற்றாடி போதுமாக இருக்கலாம். பிறர் உடலையோ உடைமையையோ தொடும் பழக்கத்தில் விதி தொடக்கத்திலேயே தேவை. ஏழு வயதில் சிரித்துவிட்டு விட்டதைப் பதினேழு வயதில் ஊர் பொறுக்காது.

ஈடுபாடு திடீரென்று மிகுந்தால் காரணத்தைத் தேடுங்கள். பல்வலியோ, பள்ளியில் கேலியோ, வீடு மாறியதோ இருக்கலாம். வாயால் சொல்ல இயலாத குழந்தை இப்படித்தான் சொல்கிறது. உணவும் உறக்கமும் கெட்டாலும், தன்னையே காயப்படுத்திக்கொண்டாலும் மருத்துவரிடம் காட்டத் தயங்கக்கூடாது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே பயிற்சியும் கல்வியும் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமையே தவிர, யாரும் தரும் சலுகையன்று.

டொனால்ட் பின்னர் என்ன ஆனார்? 1958இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். 2023இல் தம் 89ஆம் வயதில் காலமானார். ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் இவ்வளவு தூரம் வருவார்கள் என்று சொல்ல முடியாது. பேச்சே வராதவர்களும், வாழ்நாள் முழுதும் துணை வேண்டியவர்களும் உண்டு. ஆனால் ஆர்வத்தைப் பகையாக்காமல் பயனாக்கும் வழி அவர்களுக்கும் பொருந்தும்.

பள்ளியில் ஒருமுறை, கட்டடச் சுவரில் எத்தனை செங்கற்கள் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்களாம். டொனால்ட் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென ஓர் எண்ணைச் சொன்னார். அந்தக் கதை ஊரெங்கும் பல்லாண்டுகள் உலவியது. முதுமையில் அவரே உண்மையைச் சொன்னார்: அந்த எண் வாய்க்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் தம்மைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னாராம்.

எண்களுக்குள் ஒளிந்திருந்த சிறுவனுக்கும் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை இரயில் கதையைத் தொடங்கும்போது, சிறிது நேரம் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கேள்வியும் கேளுங்கள். அவன் உங்களோடு பேசுவதற்கு அறிந்த வழி அதுவாக இருக்கலாம்.