பித்தம் என்றால் புனேயில் வேறு

புனே ஃபெர்குசன் கல்லூரியின் ஆண்கள் விடுதி ஜன்னல் ஒன்றில் ஒரு பெண் வந்து நிற்பாள். கையில் கொண்டுவந்ததை உள்ளே நீட்டுவாள், போய்விடுவாள். இதைக் கவனித்தவர் விடுதிப் பொறுப்பில் இருந்த தாவரவியல் பேராசிரியர் எஸ்.பி. முஜும்தார். ஆண்கள் விடுதி, ஜன்னல், ஒரு பெண் என்றால் எந்த வார்டனுக்கும் மூக்கில் வேர்க்கும். விசாரிக்கப் போனார். உள்ளே மொரீஷியஸிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடந்தார். அந்தப் பெண்ணும் அதே நாட்டவள்தான். அவள் நீட்டியது சாப்பாடு.

ஊர் விட்டு ஊர் வந்து படுத்துவிட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நகரத்தில் ஒருவருமில்லையே என்ற உறுத்தல் முஜும்தாரை விடவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று 1971-ல் அவர் தொடங்கிய அமைப்புதான் சிம்பயாசிஸ். இன்று அது பெரிய பல்கலைக்கழகம். நகரத்தை ஒட்டிய லவளேயில் அதற்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனையும், 2020-ல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

அந்த மாணவரின் நிலைமை, ஹிஞ்சவடியிலோ கராடியிலோ வேலை கிடைத்து வந்து இறங்கும் தமிழர்களுக்குப் புதிதல்ல. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் கன்டோன்மென்ட்டையும் சுற்றித் தலைமுறைகளாக வாழும் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு, தாத்தா காலத்திலிருந்து பார்க்கிற டாக்டர் என்று ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவர்களுக்கு இருப்பது செல்போன். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் 102 ஆனதும் தேடிப் பார்த்து, நட்சத்திரங்களை எண்ணி, பக்கத்தில் கண்ணாடிக் கட்டடமாக நிற்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அங்கே கவுண்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்பது. தலைவலிக்கு நரம்பியலா, கண்ணா, காது மூக்கு தொண்டையா? அதைச் சொல்லத்தானே டாக்டரிடம் வந்தது! நாடு மாற வேண்டும் என்றில்லை, மாநிலம் மாறினாலே நோயாளிக்குப் பாதி வெளிநாடுதான்.

பலகைகளுக்குப் பேர்போன ஊர் புனே. கடை வாசலிலும் வீட்டுக் கதவிலும் வந்தவர்களைக் குத்தலாகக் கிண்டல் செய்து எழுதி வைக்கும் அறிவிப்புகளுக்குப் 'புனேரி பாட்டி' என்றே பெயர். (பாட்டி என்றால் மராத்தியில் பலகை. நம் ஊர்ப் பாட்டியின் வாய்த்துடுக்கும் அதில் உண்டு என்பது தற்செயல்.) மதியம் 1 முதல் 4 வரை கடையடைத்துத் தூங்கும் வழக்கமும் இந்த ஊரின் பழைய நகைச்சுவை. கிளினிக்குகளும் அப்படித்தான்: காலையில் கொஞ்ச நேரம், பிறகு மாலையில். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். டாக்டரின் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குத்தான் கொஞ்சம் பாடம் வேண்டும்.

தெரு முனையில் 'தவாக்கானா' என்று எழுதியிருந்தால் அது கிளினிக். பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். இருந்தால் நவீன மருத்துவம் படித்தவர். பி.ஏ.எம்.எஸ். என்பது ஆயுர்வேதப் பட்டம், பி.எச்.எம்.எஸ். ஹோமியோபதி. புனேயின் குடியிருப்புப் பகுதிகளில் இந்த இரண்டு பட்டங்களும் அடிக்கடி கண்ணில் படும். உள்ளே போனால் ஸ்டெதஸ்கோப் இருக்கும், பாரசிட்டமால் எழுதித் தருவார்கள், ஆன்டிபயாட்டிக்கும் எழுதலாம். புதிதாக வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது, கேட்கவும் கூச்சம்.

இதன் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மும்பையில் ஹோமியோபதி படித்த ஒருவர், காய்ச்சலில் வந்த நோயாளிக்கு அலோபதி மருந்துகளைக் கொடுத்தார். நோயாளி இறந்துவிட்டார். மனைவி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது: தான் படிக்காத முறையில் வைத்தியம் பார்ப்பதே அலட்சியம், அப்படிப் பார்ப்பவர் போலி மருத்துவர். 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. அதன் பிறகு 2014-ல் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தி, நவீன மருந்தியலில் ஓராண்டுப் படிப்பை முடித்த ஹோமியோபதி மருத்துவர்கள் அலோபதி மருந்து எழுதலாம் என்றது. 'சி.சி.எம்.பி.' என்று பலகையில் பார்த்தால் அது அந்தப் படிப்பு. இவர்களை மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சேர்க்க எடுத்த முடிவை எதிர்த்து 2025 செப்டம்பரில் அலோபதி மருத்துவர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

ஆயுர்வேதமோ ஹோமியோபதியோ படித்தவரிடம் போகவே கூடாது என்று சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். டாக்டர் எட்டிப் பார்க்காத பல பேட்டைகளில் இரவு பத்து மணிக்கும் கதவைத் திறப்பவர் அவராக இருக்கலாம். ஆனால் தெரிந்து போக வேண்டும். அம்மாவின் சர்க்கரைக்கும் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை எழுதப் போகிறவர் என்ன படித்தவர் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. 2002-ல் வகுத்த மருத்துவர் நன்னடத்தை விதிகளின்படி பதிவு எண் கிளினிக்கில் தெரியும்படி இருக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். டாக்டர் என்றால் அந்த எண்ணை மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.

குடும்ப மருத்துவத்துக்கென்றே தனிப் படிப்பும் உண்டு. டி.என்.பி. ஃபேமிலி மெடிசின் என்று பலகையில் பார்த்தால் தயங்காமல் ஏறலாம். வேலூர் சி.எம்.சி. தொலைநிலையிலேயே குடும்ப மருத்துவப் பட்டயம் நடத்துகிறது. என்றாலும் இப்படிப் படித்தவர்கள் குறைவு. பெரும்பாலும் நல்ல எம்.பி.பி.எஸ். ஒருவரோ, எம்.டி. பொது மருத்துவர் ஒருவரோதான் அந்த இடத்தை நிரப்புகிறார்.

அடுத்தது மொழி. ஐ.டி. கம்பெனிக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. புனே டாக்டர்களுடன் ஆங்கிலத்தில் பேசலாம், அரைகுறை இந்தியிலும் சமாளிக்கலாம். பேரனைப் பார்த்துக்கொள்ள மன்னார்குடியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும் அம்மாவுக்குத்தான் சிக்கல். "பித்தமா இருக்கு" என்று அவர் சொன்னால், தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று நாம் புரிந்துகொள்வோம். மராத்தி டாக்டர் காதிலும் 'பித்த' என்ற சொல் அப்படியே விழும். ஆனால் அங்கே 'பித்த' என்றால் முதலில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். 'உடம்பில் பித்த எழுந்திருக்கிறது' என்றால் தோல் தடித்துத் தடித்து அரிக்கிறது என்று பொருள். அம்மாவின் தலைசுற்றல் அசிடிட்டி மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்ப இது போதும்.

இன்னொன்று இதைவிட ஆபத்து. மராத்தியில் காய்ச்சலுக்கு ஒரு சொல், மூச்சிரைப்புக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'தாப்' என்றுதான் எழுத முடியும்! முதல் எழுத்தை மெல்லச் சொன்னால் காய்ச்சல், அழுத்தி மூச்சு விட்டுச் சொன்னால் மூச்சு வாங்குகிறது. தமிழ் நாக்குக்கு இந்த வேறுபாடு சுலபத்தில் பிடிபடாது. மராத்தி கற்றுக்கொண்டோம் என்ற உற்சாகத்தில் மாற்றிச் சொல்லிவிடக்கூடிய இடம் இது. 'ஜுலாப்' என்றால் வயிற்றுப்போக்கு, 'கோக்லா' இருமல். நீர்க்கடுப்பைச் சொல்லத் தெரியாமல் பலர் கூச்சத்தில் விழுங்கிவிடுவார்கள். அதற்கு மராத்தியில் 'உன்ஹாளி' என்று வெயிலோடு சேர்த்தே ஒரு சொல் இருக்கிறது. கோடையில் அங்கும் அதே தொல்லை.

அதனால் தமிழ் டாக்டர்தான் வேண்டும் என்று நகரத்தின் மறுகோடிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை. புனே டிராஃபிக்கில் அது தனி நோய். சொல்லுக்குப் பதிலாக இடத்தைத் தொட்டுக் காட்டலாம். எப்போது தொடங்கியது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, படுத்தால் கூடுகிறதா என்று டாக்டர் பொறுமையாகக் கேட்கிறாரா என்று பார்த்தால் போதும். கேட்கிறவரிடம் பாதி மொழி போதும். கேட்காதவரிடம் முழுத் தமிழும் வீண்.

நம்பிக்கையான டாக்டர் யார் என்ற கேள்வியைப் புனேக்காரர்களே பலமாகக் கேட்டிருக்கிறார்கள். இந்த நகரத்தைச் சேர்ந்த டாக்டர் அருண் காத்ரேவும் டாக்டர் அபய் சுக்லாவும் 2016-ல் 'டிசென்டிங் டயக்னோசிஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். நாடு முழுக்க 78 மருத்துவர்களிடம் பேசித் திரட்டிய வாக்குமூலங்கள் அவை: தேவையில்லாத பரிசோதனை, தேவையில்லாத அறுவை சிகிச்சை, ஆளை அனுப்பினால் கமிஷன். இந்தக் கமிஷனுக்கு மகாராஷ்டிரத்தில் 'கட் பிராக்டிஸ்' என்று பெயர். அதைத் தடுக்க 2017-ல் மாநில அரசு ஒரு சட்ட வரைவைத் தயாரித்தது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

அரசை நம்பிக் காத்திராமல் டாக்டர்களும் நகரவாசிகளும் கைகோத்த முயற்சியும் இங்கே நடந்தது. புனே சிட்டிசன் டாக்டர் ஃபோரம் என்ற அமைப்பில், தாங்கள் அனுபவத்தில் நம்பிய மருத்துவரை நோயாளிகளே பரிந்துரைத்தார்கள். நட்சத்திரம் போடுவதைவிட இது பல மடங்கு மேல். நட்சத்திரம் பெரும்பாலும் பார்க்கிங் வசதிக்கும் ரிசப்ஷன் சிரிப்புக்கும் விழுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வருடமாக இருக்கும் மராத்திப் பாட்டியிடம் கேட்டாலும் இதே பலன் கிடைக்கும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'நல்ல டாக்டர் யார்?' என்பதல்ல. 'உங்களை ஆஸ்பத்திரியில் சேர வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய டாக்டர் யார்?' என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. ஊசி போடாத டாக்டரை, குளுக்கோஸ் ஏற்றாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. "இரண்டு நாள் பார்ப்போம், மருந்து வேண்டாம்" என்று சொல்பவருக்குப் பீஸ் கொடுக்க மனசு வராது. ஆனால் அப்படிச் சொல்ல அறிவும் வேண்டும், துணிச்சலும் வேண்டும்.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதால் என்ன லாபம் என்பதற்கு நார்வேயில் கணக்கு இருக்கிறது. ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய அந்த நாட்டில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஜெனரல் பிராக்டிஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பும் இறப்பு வாய்ப்பும் முதல் கூட்டத்தாருக்குக் கால்வாசிக்கு மேலோ அதை ஒட்டியோ குறைந்திருந்தது. டாக்டரை மாற்றாததால் மட்டுமே உயிர் பிழைத்தார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஆனால் உங்கள் பழைய கதை தெரிந்தவர் புதிய வலியைச் சீக்கிரம் அடையாளம் காண்பார் என்பதை நம்ப இந்தக் கணக்கு உதவும்.

பணக்கார நாடுகளில் இது சுலபம் என்று நினைப்பவர்கள் கனடாவைப் பார்க்கலாம். 2025 ஜனவரியில் ஒன்டாரியோ மாகாணத்தின் வாக்கர்ட்டன் ஊருக்கு ஒரு புதிய டாக்டர் வந்தார். முதல் 500 பேரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வார் என்று அறிவிப்பு. விடியற்காலைப் பனியில் வரிசையில் வந்து நின்றவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். புனேயில் அந்த வரிசை இல்லை. நடந்து போகிற தூரத்தில், முன்பதிவே இல்லாமல், இன்று மாலையே ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம். இந்த வசதியை நாம் நோய் வந்த பிறகுதான் நினைக்கிறோம்.

எனவே நல்ல உடம்போடு ஒருமுறை போய் வருவது உத்தமம். ரத்த அழுத்தம் பார்க்க, குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் காட்ட, அம்மாவின் மாத்திரைகளைச் சரிபார்க்க என்று ஒரு சாக்கு போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையின் கம்பெனிப் பெயர் புனே மருந்துக்கடையில் கிடைக்காமல் போகலாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரை எழுதி வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் கிடைக்கும். கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தால் எங்கே அனுப்புவார் என்று அப்போதே கேட்டுவிடலாம். நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல் ஆகியவற்றுக்கு மட்டும் குடும்ப டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 'கேஸ்தான்' என்று சோடா குடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டைப் போலவே மகாராஷ்டிரத்திலும் ஆம்புலன்சுக்கு எண் 108.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாமான் லாரியில் ஏறுவதற்கு முன், பழைய ஊர் டாக்டரிடம் போய் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேளுங்கள். அதே 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவர் தந்தாக வேண்டும். வாங்கி, ஃபைலில் போட்டு, கைப்பையில் வையுங்கள். லாரியில் வேண்டாம்.