ஸ்டார்ட்டர் உறுமுகிறதா? காயில் கருகும் முன் கவனியுங்கள்!

நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வருகிறது. ஆட்டோ ஸ்விட்சை நம்பிப் படுத்தவர் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனால், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் கருகல் வாடை. ‘காயில் போயிருச்சுங்க’ என்கிறார் எலெக்ட்ரீஷியன். புதுக் காயில் போட்டால் சில மாதங்களில் அதுவும் போகிறது. இது பல கிணற்று மேடுகளில் நடக்கிற கதை. காயிலை மாற்றுகிறார்களே தவிர, அது ஏன் எரிந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. பல நேரங்களில் காயில்மீது குற்றமே இருக்காது. அது இழுக்க வேண்டிய இரும்பு, முழுதாக வந்து உட்காராததுதான் காரணமாக இருக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டரில் இரண்டு இரும்புக் கட்டைகள் உண்டு. ஒன்று அசையாது, அதைச் சுற்றித்தான் காயில் இருக்கும். இன்னொன்று ஸ்பிரிங்கில் தள்ளி நிற்கும். இந்த அசையும் இரும்பைத்தான் ஆர்மேச்சர் என்கிறார்கள். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் காயில் காந்தமாகி ஆர்மேச்சரை இழுக்கிறது. அதோடு சேர்ந்து மூன்று கான்டாக்ட் பாயின்ட்களும் மூடி, மோட்டாருக்கு மின்சாரம் போகிறது.

இரண்டு இரும்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரை, ஏசி காயில் ஏராளமாகக் கரன்ட் இழுக்கும். ஆர்மேச்சர் வந்து ஒட்டியதும் அது பல மடங்கு குறைந்துவிடும். சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளப்ப நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். கிளம்பிவிட்டால் மாடே இழுத்துப் போகும். அந்த மாதிரிதான். வண்டி கிளம்பவே இல்லை என்றால்? தோள் கொடுத்தவர்கள் மூச்சுத் திணறிப் போவார்கள். ஆர்மேச்சர் பாதியில் நின்றால் காயிலுக்கும் அதே கதிதான். கொஞ்ச நேரத்திலேயே சூடேறி, வார்னிஷ் உருகிக் கருகிவிடும்.

காது சொல்லும் சேதி

ஆர்மேச்சர் ஒழுங்காக உட்கார்ந்ததா என்பதைப் பெட்டியைத் திறக்காமலே அறியலாம். ஒரே ஒரு ‘டக்’, அப்புறம் லேசான ரீங்காரம் என்றால் எல்லாம் சரி.

‘கர்ர்ர்’ என்று விடாமல் உறுமினால், இரும்பு முகங்கள் சரியாகச் சேரவில்லை. நடுவில் தூசு, துரு, நசுங்கிய எறும்பு, சில பெட்டிகளில் பல்லிகூட இருக்கும். எதுவும் இல்லாமலும் உறுமினால், இரும்பின் முகத்தில் பதித்திருக்கும் சின்னச் செம்பு வளையத்தைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தக் கணத்தில் பிடி தளராமல் பார்த்துக்கொள்வது இந்த வளையம்தான். விரிசல் விட்டாலோ கழன்றாலோ உறுமல் நிற்காது.

‘டக் டக் டக்’ என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு. காயிலில் எழுதியிருக்கும் வோல்டேஜில் 85 சதவிகிதமாவது இருந்தால்தான் கான்டாக்டர் உறுதியாக இழுக்க வேண்டும் என்பது தர விதி. 415 வோல்ட் காயில் என்றால் ஏறக்குறைய 353 வோல்ட். குறைந்த வோல்டேஜுக்கென்றே செய்த காயில்களும் உண்டு என்பதால், காயிலில் உள்ள எழுத்தைப் படிப்பது நல்லது. மோட்டார் ஓடாதபோது மீட்டர் வைத்து ‘400 காட்டுதே’ என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும், ஆர்மேச்சர் விழும். விழுந்ததும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு அடிக்கும் பாயின்ட்களில் பொறி பறக்கும். கடைசியில் பாயின்ட்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால், சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

இதற்கு அக்கம்பக்கத்தார் பேசிவைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஆட்டோ ஸ்விட்ச்கள் எல்லாம், மின்சாரம் வந்த நொடியில் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் எப்படி நிற்கும்? ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம் என்று டைமரைத் தள்ளிவைத்தால் போதும். செலவே இல்லாத வைத்தியம் இது.

சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இரும்பு முகத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் வழவழப்புக் கெடும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் தூசு அப்பி ஒட்டிக்கொள்ளும். கான்டாக்ட் பாயின்ட்டை அரத்தால் ராவுவதும் வேண்டாம். அது வெள்ளிக் கலவை. தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றிவிடுவதே நல்லது.

முட்டுக்கொடுக்கவே கூடாது

ஆர்மேச்சர் நிற்கவில்லை என்று குச்சியோ அட்டையோ செருகி முட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. மோட்டாரையும் உயிரையும் பணயம் வைக்கிற வேலை இது. ஓவர்லோடு ரிலே, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. முட்டுக்கொடுத்த பிறகு அது துண்டித்தாலும் ஆர்மேச்சர் விழாது. ஒரு ஃபேஸ் போனால் வைண்டிங் கருகும் வரை மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். மின்சாரம் நின்று திரும்பி வரும்போது, கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருந்தாலும் மோட்டார் தானாக ஓடும்.

சொட்டுநீர் வால்விலும் இதே கதை

சோலினாய்டு வால்வுக்குள் அசைவது சின்ன உலக்கை போன்ற இரும்பு, பிளஞ்சர் என்பார்கள். அது கொஞ்சம் மேலே எழும்பினால் ரப்பர் டயாஃப்ரத்தின் மேலுள்ள தண்ணீர் வடிந்து, வால்வு திறக்கும். ஒரு மணல் துகள் போதும், அதைச் சிக்க வைக்க. கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரியும்; வாழைக்குத் தண்ணீர் போயிருக்காது.

ஸ்க்ரூ டிரைவர் நுனியைக் காயில்மீது வைத்தால் இழுக்கிறதே என்று காட்டுவார்கள். காயிலுக்கு மின்சாரம் வருகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. பிளஞ்சர் நகர்ந்ததற்கு அல்ல. காயிலைக் கையால் கால் சுற்றுத் திருகித் திறக்கும் வகை வால்வு என்றால், திருகிப் பாருங்கள். தண்ணீர் போனால் கோளாறு ஒயரிலோ காயிலிலோ பிளஞ்சரிலோ இருக்கிறது. போகவில்லை என்றால் டயாஃப்ரத்தையும், தண்ணீரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஏசி காயிலைப் பிளஞ்சர் இல்லாமல் தனியே கழற்றி மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். முன்னே சொன்ன காரணத்தால் எரிந்துவிடும்.

பேட்டரியில் ஓடும் வால்வுகளில் ஒரு நொடிக்கும் குறைவான துடிப்பு மட்டுமே போகும். அதில் நகரும் பிளஞ்சரை நிலைக்காந்தம் பிடித்துக்கொள்ளும். மூட, எதிர்த்திசையில் இன்னொரு துடிப்பு. ஒயரை மாற்றிக் கொடுத்தால் திறக்க வேண்டிய நேரத்தில் மூடும்.

பிளஞ்சர் நகர்ந்ததா என்பதைக் கரன்ட்டை வைத்தே கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு. டிசி காயிலில் கரன்ட் ஏறிக்கொண்டே போகும். பிளஞ்சர் நகரும் கணத்தில் ஒரு சின்ன இறக்கம் தெரியும். அந்த இறக்கம் இல்லையென்றால் பிளஞ்சர் சிக்கியிருக்கிறது. நகர்ந்த பிறகு, பிடித்து நிறுத்த மட்டும் தேவையான அளவுக்குக் கரன்ட்டைக் குறைத்துவிடும் கருவிகளும் உள்ளன. காயில் சூடாகாது, பேட்டரியும் மிஞ்சும்.

செல்போன் ஸ்டார்ட்டர் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: ‘மோட்டார் ஆன்’ என்று வரும் தகவல், காயிலுக்கு மின்சாரம் கொடுத்ததை வைத்து வருகிறதா, மோட்டார் ஒயரில் ஓடும் கரன்ட்டை அளந்து வருகிறதா? அளந்து சொல்வதையே வாங்குங்கள். வால்வுக்கு அந்த வசதி இல்லையென்றால், வால்வைத் தாண்டி ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.