காலிமுகத்திடல்: கடலோரத்தில் கட்டாமல் விட்ட நிலம்

கொழும்புக் கோட்டைப் பகுதியைத் தாண்டித் தெற்கே காலி வீதி தொடங்கும் இடத்தில், வீதிக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் புல்வெளிதான் காலிமுகத்திடல். அதன் பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டேர். கரையை ஒட்டி அரைக் கிலோமீட்டர் நீளம். வடகோடியில் 1930இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம் நிற்கிறது. அது இன்று ஜனாதிபதி செயலகம். தென்கோடியில் 1864ஆம் ஆண்டு தொடங்கிய கோல் ஃபேஸ் ஹோட்டல். இரண்டுக்கும் இடையில் புல், நடைபாதை, கடல் தடுப்புச் சுவர், அதன் அடியில் ஒடுங்கிய மணற்பட்டை ஆகியவற்றைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. வேலியும் நுழைவுக் கட்டணமும் இல்லை. தெற்காசியாவின் நெரிசல் மிகுந்த துறைமுக நகரங்களில் ஒன்றின் நடுவில், நிலம் இவ்வளவு விலை போகும் கரையில், ஒரு திடல் வெறுமையாகவே நீடித்திருப்பது தற்செயல் அல்ல. ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு காரணம் அதைக் காத்திருக்கிறது.

முதற்காரணம் பீரங்கி. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்கு வெளியே தென்புற நிலத்தை மறைப்பின்றித் திறந்தே வைத்தார்கள். அந்தப் பக்கமாக வரும் எதிரி கோட்டைக் கொத்தளத்திலிருந்து கண்ணில் பட வேண்டும், குண்டுக்கும் எட்ட வேண்டும் என்பது கணக்கு. 1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. போர் பற்றிய அச்சம் குறையக் குறைய அதே வெளி குதிரைப் பந்தய மைதானமாக மாறியது. இப்போது காணும் திடலைவிட அன்றைய வெளி பல மடங்கு பெரியது. உட்புறமாகப் பேர ஏரிப் பக்கம் வரை பரந்திருந்தது.

அதைப் பொதுமக்கள் உலாவும் இடமாக ஒழுங்குபடுத்தியவர் ஆளுநர் சர் ஹென்றி வார்ட். கடலோர நடைபாதை வேலை 1856இல் தொடங்கி 1859இல் முடிந்தது. முடித்த கையோடு அவர் ஒரு கல்வெட்டும் நாட்டினார். கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக இந்த நடைபாதையைத் தமக்குப் பின் வரும் ஆளுநர்களின் பொறுப்பில் விடுவதாக அது சொல்கிறது. அவர் மனத்தில் இருந்த பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பத்தினர் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பின்னால் வருபவர்களைப் பெயர் சொல்லாமல் கட்டுப்படுத்திய அந்தக் கல், நாட்டியவர் எண்ணியதைவிட நெடுங்காலம் உழைத்திருக்கிறது. கடற்காற்று வாங்க உலாப்பாதை அமைப்பது அந்தக் கால ஆளுநர்களிடையே பரவியிருந்த வழக்கம். சென்னை மெரினாவின் உலாப்பாதையும் கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், இவ்வாறே உருவானது. மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் நடுவே அகன்ற மணற்பரப்பு உண்டு. காலிமுகத்தில் அது இல்லை. நடைபாதையின் காலடியிலேயே அலை வந்து மோதுகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வெளியில் நடக்காத விளையாட்டு குறைவு. கிரிக்கெட், கால்பந்து, போலோ, ரக்பி எல்லாவற்றுக்கும் இதுவே களம். 1879இல் கொழும்பு கோல்ஃப் கழகம் இங்கேதான் தொடங்கியது. பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அகாடமிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டி அதே ஆண்டு இந்த வெளியில்தான் முதன்முதல் நடந்தது. மாணவர்கள் பேர ஏரியைப் படகில் கடந்து ஆட வந்தார்கள். அந்தப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது. விளையாட்டுகள் பெருகப் பெருக அவற்றுக்குத் தனி மைதானங்கள் தேவைப்பட்டன. பந்தயக் குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கும், கோல்ஃப் 1896இல் பொரளைப் பக்கமும் போயின. அவை விட்டுச் சென்ற இடத்தின் உட்பகுதியைக் காலப்போக்கில் சாலையும் கட்டடங்களும் எடுத்துக்கொள்ள, கடலோரப் பட்டை மட்டும் மிஞ்சியது.

இப்படி மிஞ்சிய பட்டையில் புல்லை உயிரோடு வைத்திருப்பதே ஒரு போராட்டம். அலை சுவரில் மோதிச் சிதறும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகள் காற்றில் ஏறி உள்ளே வருகின்றன. இலைமேல் படியும் உப்பு ஈரத்தை உறிஞ்சுகிறது. மண்ணில் சேரும் உப்பு, வேர் நீரை இழுக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. கடற்கரை மணலில் தானாக வளரும் அடம்பும் இராவணன் மீசையும் இதற்குப் பழகியவை. ஆனால் அவற்றின்மேல் பாய் விரித்து உட்கார முடியாது. உட்காரத் தோதான புல்லோ, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால்தான் நிலைக்கும். போதாததற்கு நாள் முழுக்க மிதிபடும் கால்கள் மண்ணை இறுக்கி, மழைநீர் கீழே இறங்காமல் செய்கின்றன. அதனால் திடல் சில ஆண்டுகள் பச்சையாகவும் சில ஆண்டுகள் செம்மண் தெரியும் பொட்டலாகவும் மாறி மாறிக் காட்சி தருகிறது. பொட்டலாக இருக்கும் காலத்தைப் பார்த்துக் குறைசொல்வோர் உண்டு. ஆனால் தேய்ந்த புல்வெளி என்பது மக்கள் பயன்படுத்தும் புல்வெளி. வேலி போட்டு அழகு காப்பதைவிட அது மேலானது.

திறந்த வெளிக்குப் பெருங்கூட்டம் வருவது இயல்பு. பெருநாள் தொழுகைக்கு முஸ்லிம்கள் இங்கே கூடுகிறார்கள். 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) ஜோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்ததும், 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியதும் இதே திடலில்தான். சுதந்திர தின அணிவகுப்புகளும் இங்கே நடந்திருக்கின்றன.

தமிழர் வரலாற்றில் இந்தப் புல்வெளிக்குள்ள இடம் கசப்பானது. 1956 ஜூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிரே இருந்த இந்தத் திடலில் தமிழரசுக் கட்சியினர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. வன்முறை நகருக்குள் பரவி, சில நாட்களில் கிழக்கே கல்லோயா வரை எட்டியது. மொழியின் பெயரால் அந்நாட்டில் மூண்ட நீண்ட துயரத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இங்கே எழுதப்பட்டது.

பொருளாதாரம் சரிந்து எரிபொருளும் மருந்தும் கிடைக்காமல் போன 2022இல் திடல் மறுபடியும் நிரம்பியது. ஏப்ரல் 9ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று கூடியவர்கள் அங்கேயே கூடாரம் அடித்தார்கள். ‘கோட்டா கோ கம’ என்ற அந்தக் கூடார ஊரில் நூலகமும் சமையற்கூடமும் முதலுதவி நிலையமும் இயங்கின. மே 9இல் அரசு ஆதரவாளர்கள் அதைத் தாக்கினார்கள், ஊர் கலையவில்லை. மே 18இல் அதே இடத்தில், உள்நாட்டுப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உயிரிழந்த தமிழர்களுக்கான நினைவேந்தல் நடந்து, கஞ்சியும் பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் அதில் நின்றார்கள். 1956ஐ அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். ஜூலை நடுவில் ஜனாதிபதி பதவி விலகினார். ஜூலை 22 விடியுமுன் இராணுவம் கூடாரங்களை அகற்றியது.

2022 போராட்டத்தைத் தாங்கிய இந்த நிலம், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஓர் ஒப்பந்தத்தால் கைமாறப் பார்த்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை திடலை ஒரு தனியார் நிறுவனத்திடம் கேளிக்கை வளாகம் அமைக்க ஒப்படைக்க உடன்பட்டிருந்தது. செய்தித்தாளில் இதை அறிந்த ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ஒப்பந்த விவரங்களைக் கேட்டது. அதிகார சபை தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2005 நவம்பரில் வந்த தீர்ப்பு, அந்த ஒப்பந்தத்தைச் செய்ய அதிகார சபைக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னதோடு நிற்கவில்லை. தகவல் இல்லாமல் கருத்துரிமைக்குப் பொருள் இல்லை; ஆகவே தகவல் மறுக்கப்பட்டதால் அடிப்படை உரிமையும் மீறப்பட்டது என்றது. இலங்கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2016இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே அந்த உரிமைக்கு வழி திறந்தது ஒரு புல்வெளியைப் பற்றிய வழக்கு. பூங்கா என்றால் பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலம் தப்பியது, காட்சி முழுதாகத் தப்பவில்லை. 2014இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக நகரத் திட்டத்தில், திடலின் வடபுறக் கடலில் மணல் நிரப்பி 269 ஹெக்டேர் புதுநிலம் உண்டாக்கப்பட்டது. திடலைப் போல ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு அது. முன்பு வடகோடியில் நின்றாலும் கண்ணுக்கு எட்டியவரை நீர்தான். இன்று அங்கிருந்து பார்த்தால் புதுநிலம் குறுக்கே நிற்கிறது. சாலையின் மறுபுறமும் உயரமான ஹோட்டல்களும் வணிக வளாகமும் எழுந்துவிட்டன. இவற்றால் நகரத்துக்கு வருமானம் வரலாம். திடலுக்கு வந்து உட்காருபவருக்கோ அடிவானத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

எனவே கடலை அகலமாகப் பார்க்க விரும்புவோருக்குத் திடலின் தென்பாதியே ஏற்றது. போவதற்கு நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை: மழை குறைவு, கடலும் அடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராகக் கரையில் மோதுவதால் அலை சுவரைத் தாண்டித் தெறிக்கும். பட்டம் விடுவோருக்கு மட்டும் அந்தக் காற்றுதான் வேண்டும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். எந்த மாதமானாலும் நண்பகலைத் தவிர்ப்பது நல்லது. நிழல் தரும் மரங்கள் மிகக் குறைவு. நாலு மணிக்குமேல், சூடேறிய நிலத்தை நோக்கிக் கடற்காற்று வலுவாக வீசும்போது குடும்பங்கள் பாயும் பலகாரப் பொதியுமாக வரத் தொடங்கும். சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஆறு மணிக்குச் சற்று முன்பிருந்து ஆறரைக்குள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கொண்டுவந்த பொதியைவிடத் தள்ளுவண்டியே இங்கே வெல்லும். சிறப்பு இறால் வடை: பருப்பு மாவைத் தட்டையாகத் தட்டி, அதன்மேல் இறால்களை ஓட்டோடும் தலையோடும் அழுத்தி எண்ணெயில் பொரித்து, வெங்காயம் தூவி மிளகாய்ச் சாறும் விட்டுத் தருகிறார்கள். ஓடு மொறுமொறுவென்று இருக்கும். அப்படியே கடித்துத் தின்னலாம். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையைக் கேட்டு வாங்குவது வயிற்றுக்கும் நல்லது. மாங்காய், அன்னாசித் துண்டுகளில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய அச்சாறு, கச்சான், அவித்த கடலை, இரவானால் கொத்து ரொட்டி என்று வண்டிகளின் வரிசை நீளும். காகங்கள் அஞ்சாதவை, கையில் இருப்பதைப் பறிக்கவும் கூடும்.

குளிப்பதற்கு ஏற்ற கடல் அல்ல இது. மணற்பட்டை ஒடுக்கம், சுவரருகே பாறைகள், பருவக்காற்றுக் காலத்தில் உள்ளிழுக்கும் நீரோட்டம் எல்லாம் சேர்ந்திருக்க, கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே உள்ளூர் வழக்கம். புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையே ஓடும் 100ஆம் இலக்கப் பேருந்து திடலை ஒட்டியே போகிறது. ரயிலில் வருவோர் கொம்பனித்தெரு அல்லது கொள்ளுப்பிட்டி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே ரயில் கடலை உரசிக்கொண்டே போவதால், தெற்கு நோக்கித் திரும்புவோர் மேற்குப் பக்க இருக்கை கிடைத்தால் விடக்கூடாது.